வாரம் ஒரு கூட்டம்: ரோட்டரி சங்கத்தின் வரலாறு

ரோட்டரி சங்கம் 1905 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கியது. ஒரே ஊரில் வெவ்வேறு தொழில் செய்பவர்கள் குறித்த நாளில் கூடி, சேர்ந்து சாப்பிட்டு, ஊருக்கு ஆகவேண்டிய ஒரு காரியத்தைப் பொறுப்பெடுத்துச் செய்யும் சேவைச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே முன்மாதிரி. 1915-இல் டெட்ராய்ட்டில் பிறந்த கிவானிஸ் சங்கமும், 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவாகித் தமிழகத்தில் அரிமா சங்கம் என்று அறியப்படும் லயன்ஸ் சங்கமும் ரோட்டரி போட்ட பாதையில் வந்தவையே. ஆனால் சேவை என்ற எண்ணம் தொடக்கத்தில் ரோட்டரிக்கு இருந்ததில்லை. முதலில் வந்தது கூட்டம். சேவை பின்னால் வந்து சேர்ந்தது. இந்த வரிசை முக்கியமானது. சங்கத்தின் பிற்காலச் சாதனைகளும் அதன் மீதான கேலிகளும் இங்கிருந்தே கிளைத்தன.

சங்கத்தை நிறுவிய பால் ஹாரிஸ் ஒரு வழக்கறிஞர். 1868-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் பிறந்து, வெர்மான்ட் மாநிலத்து வாலிங்ஃபோர்ட் என்ற சிற்றூரில் தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தவர். 1896-இல் பிழைப்புக்காகச் சிகாகோ வந்தார். 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 17 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரில் கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள், நண்பர்கள் கிடைக்கவில்லை. 1900-இல் ஒரு மாலை, சக வழக்கறிஞர் ஒருவருடன் ரோஜர்ஸ் பார்க் பகுதியில் நடந்து போனபோது, வழியில் இருந்த கடைக்காரர்கள் எல்லாம் நண்பரைப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பதை ஹாரிஸ் கவனித்தார். ஊரில் பார்த்துப் பழகிய அந்த நெருக்கத்தை நகரத்திலும் உண்டாக்க முடியுமா என்ற யோசனை அவருக்கு அப்போது வந்தது. அதைச் செயலாக்க மேலும் 5 ஆண்டுகள் ஆயின.

1905 பிப்ரவரி 23 இரவு ஹாரிஸும் நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலும் இல்லினாய் தெருவிலிருந்த மேடம் கல்லியின் இத்தாலிய உணவகத்தில் சாப்பிட்டார்கள். பிறகு அங்கிருந்து நடந்து டியர்பார்ன் தெருவின் யூனிட்டி கட்டடத்துக்குச் சென்றார்கள். அதன் 711-ஆம் எண் அறை, சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோரின் அலுவலகம். தையல் தொழில் நடத்திய ஹைரம் ஷோரி நான்காவது ஆளாக வந்து சேர்ந்தார். ஒரு வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு பொறியாளர், ஒரு தையல் தொழிலர் என்று தொழிலுக்கு ஒருவராக அமர்ந்த இந்த நால்வர் கூட்டமே முதல் ரோட்டரிக் கூட்டம். லோரும் ஷோரியும் அதிக நாள் நிலைக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்த அச்சக உரிமையாளர் ஹாரி ரகில்ஸ்தான் சங்கத்துக்கு உயிரூட்டியவர். கூட்டத்தில் சேர்ந்து பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. முதல் தலைவர் பொறுப்பு ஹாரிஸுக்கு அல்ல, ஷீலுக்குப் போனது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பினரின் பணியிடத்தில் கூடினார்கள். இப்படிச் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. பணியிடத்தில் கூடுவதற்கு ஒரு காரணமும் உண்டு. நிலக்கரிக் கிடங்கிலும் அச்சகத்திலும் உட்கார்ந்து பேசும்போது, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது, அதற்கு யார் தேவை, யாரிடம் வாங்கலாம் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டும் என்ற விதியின் நோக்கமும் இதுவே: கூட்டத்துக்குள் போட்டி இருக்கக் கூடாது; வியாபாரம் ஒருவருக்கொருவர் கைமாற வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் தேடித் தந்தார் என்று கணக்கு வைக்கத் தனியாக ஒருவரை நியமித்திருந்தார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் முதற்பெயரால்தான் அழைக்க வேண்டும். மரியாதை அடைமொழி சேர்த்தால் அபராதம். கூட்டத்துக்கு வராவிட்டாலும் அபராதம். தொடக்கக் காலத்தில் சந்தா என்று தனியே எதுவும் இல்லை. இந்த அபராதப் பணத்தில்தான் சங்கச் செலவு நடந்தது. ஆட்கள் கூடியதும் அலுவலக அறைகள் போதாமல் கூட்டம் ஓட்டல்களுக்கு இடம்பெயர்ந்தது. சுழற்சி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் சுயநலத்தை முதலில் முகத்துக்கு நேரே சொன்னவர் டொனால்டு கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞர். 1906-இல் அவரைச் சேரும்படி அழைத்தபோது, உறுப்பினர்களுக்கு மட்டும் ஆதாயம் தேடும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று மறுத்துவிட்டார். குறை சொன்னவரையே திருத்தம் எழுதித் தரச் சொன்னது சங்கம். வியாபாரம், நட்பு என்ற இரு நோக்கங்களோடு நகரத்தின் நலன் என்ற மூன்றாவது நோக்கமும் அப்படித்தான் சேர்ந்தது. கார்ட்டரும் உறுப்பினர் ஆனார்.

அந்த மூன்றாவது நோக்கத்துக்கு முதல் சோதனையாக வந்தது பொதுக் கழிப்பறை. சிகாகோவின் வணிகப் பகுதிக்கு வருபவர்களுக்கு அவசரத்துக்கு ஒதுங்க மதுக்கடையோ பெரிய அங்காடியோ மட்டுமே இருந்தது. மதுக்கடைக்குள் போனால் ஒரு கோப்பை பியராவது வாங்க வேண்டும்; அங்காடிக்குள் போகும் பெண்கள் ஏதேனும் வாங்குவார்கள் என்பது கடைக்காரர்களின் கணக்கு. ஆகவே நகரசபை செலவில் இலவசக் கழிப்பறை கட்ட வேண்டும் என்ற கோரிக்கையை மது ஆலைக்காரர்களும் அங்காடிக்காரர்களும் எதிர்த்தார்கள். 1907-இல் தலைவரான ஹாரிஸ், நகரின் மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு விடாமல் முயன்றார். 1909-இல் நகரசபைக் கட்டடத்தின் அருகே கழிப்பறை திறக்கப்பட்டது. கல்வெட்டில் பெயர் பொறித்துப் பெருமைப்பட ஏற்ற பொருள் இல்லைதான். ஆனால் ஊருக்கு உண்மையில் எது தேவையோ அதைக் கண்டுபிடிப்பது, பிற அமைப்புகளைக் கூட்டிக்கொள்வது, அரசு செய்ய வேண்டியதை அரசையே செய்யவைப்பது என்று பிற்காலத்தில் ரோட்டரியின் பெரிய பணிகளில் காணப்படும் முறை முழுவதும் இந்தக் கழிப்பறை விவகாரத்திலேயே இருக்கிறது.

1908-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் அமைந்தது. அதை அடுத்து அதே விரிகுடாவின் மறுகரையில் ஓக்லாந்தில் மூன்றாவது. வாரந்தோறும் கூடுவது என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியது இந்த ஓக்லாந்து சங்கம்தான். வேலை முடிந்த பின் இரவில் கூடுவதைவிட மதிய உணவு நேரத்தில் கூடுவது எளிது. எப்படியும் சாப்பிட்டாக வேண்டும், சாப்பாட்டை நண்பர்களோடு சாப்பிடலாம். இந்த ஏற்பாடு மற்ற ஊர்களுக்கும் பிடித்துப்போனது. 1910 ஆகஸ்டில் 16 சங்கங்கள் சிகாகோவில் மாநாடு கூட்டித் தேசிய அமைப்பை உருவாக்கின. அதன் செயலாளரான செஸ்லி பெரி 1942 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1911-இல் டப்ளினிலும் லண்டனிலும் சங்கங்கள் தோன்றின. கனடாவின் வினிபெக் சங்கமும் இணைந்தபின் அமைப்பு பன்னாட்டு அமைப்பானது. 1922 முதல் ரோட்டரி இன்டர்நேஷனல் என்ற பெயர் நிலைத்தது.

வாரக் கூட்டம் வெறும் வழக்கமாக இல்லாமல் சட்டமாக ஆனதும் இந்தக் காலத்தில்தான். சங்கங்களுக்கிடையே வருகைப்பதிவில் போட்டி நடந்தது. எந்தச் சங்கத்தில் எத்தனை விழுக்காடு என்று பட்டியல் வெளியானது. தொடர்ந்து 4 கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்பது அன்றைய விதி. ஆறு மாதத்தில் 60 விழுக்காடு கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் இருந்தது, பின்னர் பாதியாகக் குறைந்தது. வெளியூர் போனவர் என்ன செய்வது? எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு அத்தாட்சி வாங்கி வந்தால் தன் சங்கத்தில் வருகை பதிவாகும். உறுப்பினர்கள் இன்றும் இதை மேக்-அப் என்றுதான் சொல்கிறார்கள். அடிக்கடி பயணம் செய்யும் வணிகர் ஒருவர் முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, நேரே அவ்வூர்ச் சங்கத்தின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துவிடலாம். தண்டனைக்குப் பயந்து வந்த இந்த ஏற்பாடு, ஊர்களையும் நாடுகளையும் இணைக்கும் வலையை எவரும் திட்டமிடாமலே பின்னிவிட்டது.

கேலியும் கூடவே வளர்ந்தது. தோளில் தட்டி, பாட்டுப் பாடி, ஊர்ப் பெருமை பேசும் வியாபாரிகளின் மதிய உணவுச் சங்கங்களை 1922-இல் வெளியான தன் 'பாபிட்' நாவலில் சின்க்ளேர் லூயிஸ் நையாண்டி செய்தார். அது ரோட்டரியை மட்டும் குறித்ததல்ல. ஆனால் யாரைப் பற்றி என்பது வாசகர்களுக்குப் புரிந்தது. கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை. சேவை செய்பவனுக்கே லாபம் மிகுதி என்ற பொருள்பட ஆர்தர் ஷெல்டன் என்ற விற்பனைக் கலை ஆசிரியர் உருவாக்கிய வாசகம் அக்காலச் சங்கத்தின் முழக்கமாக இருந்தது. சேவையிலும் லாபக் கணக்கு விடவில்லை.

சங்கத்துக்குள்ளேயே பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தனிமனிதர் தம் தொழிலை நேர்மையாக நடத்துவதே சேவை, சங்கம் சங்கமாகச் சேர்ந்து திட்டங்களில் இறங்க வேண்டியதில்லை என்பது ஒரு தரப்பு. கூட்டாகச் செயலில் இறங்காத சங்கம் வெறும் சாப்பாட்டுக் கூட்டம் என்பது எதிர்த்தரப்பு. இந்தத் தரப்புக்கு அப்போது வலுவூட்டியவர் ஒஹாயோ மாநிலத்து எலிரியாவைச் சேர்ந்த எட்கர் ஆலன். 1907-இல் டிராம் விபத்தில் மகனை இழந்த அவர், தம் ஊரில் மருத்துவமனை அமையப் பாடுபட்டார். அங்கே கால் ஊனமுற்ற குழந்தைகளைக் கவனிக்க ஆள் இல்லாததைக் கண்டு, 1919-இல் ஒஹாயோ ரோட்டரி உறுப்பினர்கள் துணையோடு அவர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். பிற மாநிலங்களின் சங்கங்களும் அந்தப் பணியில் இறங்கின. எல்லாச் சங்கங்களும் ஒரே பணியை எடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

1923-இல் செயின்ட் லூயிஸ் மாநாடு தன் 34-ஆவது தீர்மானத்தின் மூலம் இரு தரப்புக்கும் சமரசம் செய்தது. எந்தப் பணியைச் செய்வது என்பதை அந்தந்தச் சங்கமே முடிவுசெய்யும், தலைமை கட்டளையிடாது. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு பெரிய பணியை எடுக்க வேண்டும்; அது கூடுமானவரை ஆண்டுதோறும் மாற வேண்டும்; அந்த ஆண்டு முடிவதற்குள் முடிவடைந்தால் நல்லது. சங்கத்தின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. தலைவரும் ஆண்டுக்கு ஒருவர். தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பேருந்து நிலையத்து நிழற்குடைகளிலும் பள்ளிக் குடிநீர்த் தொட்டிகளிலும் ஒரே ஓர் ஆண்டின் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் மட்டும் இருப்பதும், அடுத்த ஆண்டுத் தலைவர் பழைய தொட்டியைச் சீர்செய்யாமல் புதிய தொட்டிக்கு அடிக்கல் நாட்டுவதும் 1923-இன் அந்தத் தீர்மானத்தின் நெடுங்கால விளைவுகள். பதவி ஒருவரிடமே தேங்காமல் இருந்ததும் அதே ஏற்பாட்டால்தான். நன்மையும் தீமையும் ஒரே விதியில் இருந்து வந்தன.

இந்தியாவில் முதல் சங்கம் கல்கத்தாவில் 1919-இல் கூடி, 1920 ஜனவரி 1-இல் அங்கீகாரம் பெற்றது. பரவலுக்கு வழிவகுத்தவர் கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன். 1928 முதல் 1931 வரை மனைவி, மகளுடன் ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம் வழியாக ஆசியா முழுவதும் பயணம் செய்து இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களை உருவாக்கினார். பம்பாய், சென்னை, கொழும்பு ஆகிய மூன்றும் 1929-இல் அமைந்தவை. கோலாலம்பூர், சிங்கப்பூர் சங்கங்களும் அந்தப் பயணத்தின் விளைவே.

அன்றைய சென்னையில் இதன் பொருள் என்ன என்பதைப் பிற மன்றங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1832-இல் தோன்றிய மெட்ராஸ் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லை. அதனால்தான் 1873-இல் காஸ்மோபாலிட்டன் கிளப் உருவானது. ரோட்டரியின் தொழிலுக்கு ஒருவர் என்ற விதியோ இனத்தைப் பார்க்கவில்லை. வங்கிக்கு ஓர் ஆங்கிலேயர் என்றால் வழக்கறிஞர் தொழிலுக்கு ஓர் இந்தியர் என்று ஆள் தேட வேண்டியிருந்தது. ஐரோப்பியரும் ஆசியரும் ஒரே மேசையில் உண்ண வேண்டும் என்பதைச் சென்ற ஊரெல்லாம் டேவிட்சன் வற்புறுத்தினார். மேசையின் மொழி ஆங்கிலம். அதில் உட்கார்ந்தவர்கள் ஊரின் முதல் வரிசை ஆட்கள். இந்த இரண்டும் விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் மாறவில்லை.

1930-களும் போர்க்காலமும் கடினமானவை. சிகாகோவில் திவால் விளிம்பில் இருந்த கிளப் அலுமினியம் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த வந்த ஹெர்பர்ட் டெய்லர், 1932-இல் தம் ஊழியர்களுக்கென ஒரு சிறு கேள்விப் பட்டியலை எழுதினார். சொல்வதும் செய்வதும் உண்மையா, நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் அந்த நான்கு கேள்விகளை 1943-இல் ரோட்டரி ஏற்றது. நால்வழிச் சோதனை என்ற பெயரில் தமிழகச் சங்கங்களின் சுவர்களில் அவை இன்றும் தொங்குகின்றன.

ஜெர்மனியில் சோதனை வேறுவிதமாக வந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இலேயே மியூனிக் சங்கம் எழுத்தாளர் தாமஸ் மானை நீக்கியது. பல சங்கங்கள் யூத உறுப்பினர்களை விலக்கின. இவ்வளவு வளைந்துகொடுத்தும் பயனில்லை. 1937-இல் ஜெர்மன் சங்கங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. ஜப்பானில் 1940-இல் சங்கங்கள் உலக அமைப்பிலிருந்து விலக நேர்ந்தது. ஆனால் கூட்டம் நிற்கவில்லை: பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, கூடும் கிழமையையே பெயராக வைத்து, டோக்கியோவில் புதன்கிழமைச் சங்கமாகவும் பிற ஊர்களில் வேறு கிழமைச் சங்கங்களாகவும் தொடர்ந்தார்கள். பெயரும் சின்னமும் கொடியும் பறிபோன பிறகு எஞ்சியது வாரத்தில் ஒரு நாள் கூடும் பழக்கம் ஒன்றே. அந்தப் பழக்கம் இருந்ததால் 1949-இல் ஜப்பான் மீண்டும் சேர்ந்தபோது புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை.

போருக்குப் பின் பணம் ஒரு வலுவாகச் சேர்ந்தது. 1917-இல் அன்றைய தலைவர் ஆர்ச் கிளம்ப் முன்மொழிந்த அறக்கட்டளைக்குக் கான்சாஸ் சிட்டி சங்கம் அனுப்பிய முதல் தொகை 26 டாலர் 50 சென்ட். முப்பது ஆண்டுகள் அது பெரிதாக வளரவில்லை. 1947 ஜனவரியில் ஹாரிஸ் இறந்தபோது, மலர் வளையத்துக்குப் பதிலாக அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளால் நன்கொடை குவிந்தது. அவ்வாண்டே 18 மாணவர்கள் வெளிநாடுகளில் படிக்க உதவித்தொகை பெற்றார்கள்.

விடுதலைக்குப் பின் தமிழகத்தில் சங்கங்கள் மாவட்டத் தலைநகரங்களையும் வட்டத் தலைநகரங்களையும் எட்டின. 1962-இல் கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லஹரி உலகத் தலைவரான முதல் இந்தியர் ஆனார். சிற்றூர்க் கூட்டம் சிகாகோவின் அச்சில் வார்த்ததுதான், ஆனாலும் ஊர் வாசனை ஏறிவிட்டது. மதிய உணவுக்குப் பதில் கூட்டம் இரவுக்குப் போனது. கடையைச் சாத்திவிட்டுத்தான் ஜவுளிக்கடைக்காரரால் வர முடியும், நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகே மருத்துவரால் வர முடியும். தலைவர் கழுத்தில் முந்தைய தலைவர்களின் பெயர் பொறித்த பதக்கங்கள் கோத்த மாலை. மேசையிலுள்ள மணியை அவர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் கூட்டம் தொடங்கும். இறைவணக்கம், நால்வழிச் சோதனை வாசிப்பு, செயலாளர் அறிக்கை. பிறகு அந்த வாரம் பிறந்தநாளும் திருமண நாளும் கொண்டாடும் உறுப்பினர்களுக்கு வாழ்த்து. வாழ்த்துப் பெற்றவர் உண்டியலில் ஏதேனும் போட வேண்டும். சிறப்பு விருந்தினர் பேசுவார்: வருமான வரி அதிகாரி, கல்லூரிப் பேராசிரியர், சர்க்கரை நோய் மருத்துவர், காவல் ஆய்வாளர் என்று வாரம் ஒருவர். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், மீண்டும் மணி, சாப்பாடு. பேச்சு நீண்டால் பின்வரிசை கடிகாரத்தைப் பார்க்கும். உறுப்பினர் பெயருக்கு முன் ரொட்டேரியன் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. அடைமொழிக்கு அபராதம் போட்ட முதல் சங்கத்தின் வழக்கம் இங்கே நேர் எதிராகத் திரும்பிவிட்டது. ஜூலை மாதப் பதவியேற்பு விழாவின் சுவரொட்டியும் நாளிதழ்ச் செய்தியும் ஊரின் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாயின.

பணிகளில் கண் சிகிச்சை முகாமும் ரத்ததான முகாமும் முதன்மை பெற்றன. அரசுப் பள்ளிகளுக்குப் பெஞ்சு, கழிப்பறை, குடிநீர் வசதி; மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி; மாணவர்களுக்குக் குறிப்பேடு என்று நலத்திட்ட உதவிகளும் நடந்தன. இவற்றில் பல ஒருநாள் நிகழ்ச்சிகள். புகைப்படத்தோடு முடிந்தவையும் உண்டு. நின்று நிலைத்த பணிக்கு எடுத்துக்காட்டு மயானங்கள். தமிழகத்தின் பல நகரங்களில் எரிவாயுத் தகன மேடைகளைக் கட்டியதோடு, உள்ளாட்சியோடு சேர்ந்து அவற்றை அன்றாடம் நடத்தும் பொறுப்பையும் ரோட்டரி சங்கங்கள் ஏற்றன. பெஞ்சு வழங்குவதற்கு ஒரு மாலை போதும். மயானத்தை நடத்த, பிணம் வரும் எந்த நேரத்திலும் ஆளும் எரிபொருளும் தயாராக இருக்க வேண்டும். ஆண்டுத் தலைவர் மாறினாலும் இப்பணி நின்றுவிடாமல் இருக்கத் தனி அறக்கட்டளை அமைத்துக்கொண்ட சங்கங்களே இதில் வென்றன.

தன்னார்வப் பணியில் ரோட்டரியின் பெயர் உலக வரலாற்றில் நிலைத்தது இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவை ஒழிக்கும் பணியால். 1979 செப்டம்பர் 29 அன்று பிலிப்பைன்ஸின் மகாத்தி நகரில் அப்போதைய உலகத் தலைவர் ஜேம்ஸ் போமர் ஒரு குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விட்டு, அந்நாட்டின் 60 லட்சம் குழந்தைகளுக்கான ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு ஒரு பணி, அதை அந்தந்தச் சங்கமே தேர்ந்தெடுக்கும் என்ற 1923-இன் கொள்கையிலிருந்து இது பெரிய விலகல். 1985-இல் போலியோபிளஸ் திட்டம் 12 கோடி டாலர் திரட்டுவதென்ற இலக்கோடு அறிவிக்கப்பட்டது. 1988-இல் பிலடெல்பியா மாநாட்டில் கணக்குப் பார்த்தபோது தொகை அந்த இலக்கை வெகுவாகத் தாண்டியிருந்தது. அவ்வாண்டு உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு 3.5 லட்சம் குழந்தைகள் அந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் தமிழகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் வல்லுநர் ஜேக்கப் ஜான், மேலைநாடுகளில் போதுமானதாக இருந்த சொட்டு மருந்துத் தவணைகள் இந்தியக் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று ஆய்வில் கண்டார். தவணைகளைக் கூட்ட வேண்டும், ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1980-களின் தொடக்கத்தில் வேலூரில் ரோட்டரியின் துணையோடு இந்த முறை நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் பல்ஸ் போலியோ நாள் என 1995-இல்தான் விரிந்தது.

அந்த நாட்களில் ஒரே சுற்றில் 5 வயதுக்குட்பட்ட சுமார் 17 கோடி குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். மருந்தும் பணியாளரும் அரசுடையவை. சங்கங்களின் பங்கு அவற்றுக்கிடையே இருந்த இடைவெளியை நிரப்புவது: சாவடிக்குப் பந்தல், மருந்துக் குளிர்பெட்டிக்கு ஐஸ், பணியாளருக்குச் சாப்பாடு, ஆட்டோவில் ஒலிபெருக்கி, பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் குழந்தையோடு போகும் தாய்மாரை நிறுத்திக் கேட்பது. மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் பரவியபோது, இஸ்லாமிய அறிஞர்களைக் கொண்ட குழுவை ரோட்டரி அமைத்து வீடுவீடாகப் பேசவைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு ஊரில் நாற்பது ஆட்களை நிறுத்துவது எந்த அரசுத் துறைக்கும் எளிதல்ல. வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் தொலைபேசி எண்ணோடு அறிந்து வைத்திருந்த சங்கங்களுக்கு அது ஒரு கூட்டத்தின் தீர்மானம். சாப்பாட்டுக் கூட்டம் என்ற பழைய ஏளனத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்டறியப்பட்ட 2 வயதுச் சிறுமி. 2014 மார்ச் 27-இல் தென்கிழக்கு ஆசியா போலியோ அற்ற பகுதியாக அறிவிக்கப்பட்டது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நோய் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

இத்தனைக்கும் 1989 வரை உலக அளவில் பெண்கள் உறுப்பினராக முடியாது. 1924-இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தொடங்கிய இன்னர் வீல், உறுப்பினர்களின் மனைவியருக்கான தனிச் சங்கமாக நடந்தது. சேவையில் அவர்கள் உழைத்தாலும் வாரக் கூட்டத்து நாற்காலி ஆண்களுக்கே. கலிஃபோர்னியாவின் துவார்த்தே என்ற சிறிய ஊரின் சங்கம் ஆள் பற்றாமல் 1977-இல் 3 பெண்களைச் சேர்த்தது. மறு ஆண்டே அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. வழக்கு ஏறிக்கொண்டே போய், 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களைச் சேர்ப்பதற்குத் தடை கூடாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே துவார்த்தே சங்கத்தின் தலைவரானவர் சில்வியா விட்லாக் என்ற பெண். 1989-இல் விதியே திருத்தப்பட்டது. உலகத் தலைவர் பதவிக்கு முதல் பெண்ணாக ஜெனிஃபர் ஜோன்ஸ் வந்தது 2022-இல். நீதிமன்றம் தள்ளிவிட்ட பிறகே கதவு திறந்தது என்பதைச் சங்கத்தின் ஆண்டு மலர்கள் பெரும்பாலும் சுருக்கமாகத்தான் சொல்கின்றன.

வருகை விதியும் தளர்ந்தது. உறுப்பினர்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போனது. இளையவர்களுக்கு வாரம் ஒரு மாலை ஒதுக்குவது கடினமாக இருந்தது. இணையவழியில் மட்டும் கூடும் சங்கங்கள் 2000-களின் தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்டன. 2016-இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் குழு கூடி, கூட்ட நாள், முறை, வருகை ஆகியவற்றை அந்தந்தச் சங்கமே தீர்மானிக்கலாம் என்று விதியை மாற்றியது. 2020-இல் பெருந்தொற்று ஓட்டல் அரங்குகளைப் பூட்டியபோது, இந்தத் தளர்வினால் சங்கங்கள் கைபேசித் திரையிலேயே தடையின்றிக் கூடின. வாரக் கூட்டம் இன்று கட்டாயமில்லை. மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கூட்டம் நடத்த வேண்டும் என்பதே இப்போதுள்ள விதி.